அகன்ற வானைக் காட்டிய ஆடி

வானத்தைத் தெளிவாகக் காண வேண்டுமாயின் அதன் சிறு பகுதியையே காணலாம். பரந்து காண வேண்டுமாயின் தெளிவை இழக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலறிஞரை வாட்டிய இடர் இதுவாகும். தொலைகாட்டியின் பரவளைவாடி, தன் அச்சுக்கு நேரே நிற்கும் விண்மீனைக் கூரிய புள்ளியாகக் காட்டும். அச்சிலிருந்து விலகிய விண்மீனோ வால் முளைத்ததுபோல நீண்டு மங்கும்.

இவ்விடரைத் தீர்த்தவர் பேராசிரியர் அல்லர். ஒரு கையை இழந்த கைவினைஞர். 1879இல் எஸ்தோனியாவின் நைசார் என்னும் சிறு தீவிற் பிறந்த பேர்ன்ஹார்ட் ஷ்மிட், இளமையில் வெடிமருந்துச் சோதனையொன்றில் வலக்கையை இழந்தார். எஞ்சிய இடக்கையினால் கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டு, ஜேர்மனியின் தலைசிறந்த ஆடி வினைஞருள் ஒருவரானார். 1929இல் ஹம்பேர்க் வானாய்வு நிலையத்தின் சார்பில், சூரிய கிரகணத்தைக் காண வால்ட்டர் பாடே என்னும் அறிஞருடன் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்றார். அப்பயணத்தின்போது, தம் உள்ளத்தில் உருவாகிய புதிய அமைப்பை அவருக்கு எடுத்துரைத்தார்.

ஷ்மிட் கண்ட உண்மை எளியது. பரவளைவாடிக்கு அச்சு ஒன்றே. பந்தின் உட்புறம் போன்ற கோளவாடிக்கோ தனியச்சு என்பதில்லை. அதன் வளைவு மையத்தில் துவாரமொன்றை அமைத்தால், எத்திசையிலிருந்து வரும் ஒளிக்கும் ஆடி ஒரே தன்மையதாகும். ஒளியை ஒரே புள்ளியிற் குவியாமை கோளவாடியின் குறை. ஆயினும் அக்குறை எத்திசைக்கும் ஒன்றாதலின், அதற்கு மருந்தும் ஒன்றே போதும். நுண்ணிய வளைவு கொண்ட மெல்லிய கண்ணாடித் தகட்டைத் துவாரத்திற் பொருத்தி அவர் அதனை நீக்கினார். 36 சென்ரிமீற்றர் துவாரமுடைய முதற் கருவி 1930இல் உருவாயிற்று.

1935இல் ஷ்மிட் மறைந்தார். அவர் வகுத்த முறையில் அமைந்த 48 அங்குலக் கருவி, 1948இல் அமெரிக்காவின் பலோமார் மலையில் நிறுவப்பட்டு, ஒரே தட்டில் ஆறு பாகைக்கு மேற்பட்ட வானைப் பதிந்தது. அக்காட்சியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

எனினும், கண்ணாடித் தகட்டுக்கும் எல்லை உண்டு. அதனூடு செல்லும் ஒளி நிறத்துக்கு நிறம் வெவ்வேறாக முறியும். கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிர்களுள் நீண்ட அலைகளைக் கண்ணாடி தடுத்தும் விடும். ஆடியோ எல்லா நிறங்களையும் ஒரே கோணத்தில் தெறிக்கச் செய்யும். ஆகவே, தகட்டின் பணியையும் ஆடிகளிடமே ஒப்படைக்க அறிஞர் முயன்றனர். ஓராடியின் பிழையை மற்றையவை ஈடுசெய்யும் மூன்றாடி அமைப்பொன்றை மோரிஸ் போல் 1935இல் பிரான்சில் வகுத்தார். 1972இல் டீட்ரிக் கோர்ஷ் அவ்வழியை மேலும் வளர்த்தார்.

2023இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய யூக்கிளிட் தொலைகாட்டி கோர்ஷின் வழியைப் பின்பற்றியது. அதன் முதன்மையாடி 1.2 மீற்றர் விட்டமுடையது. முழுமதியின் பரப்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட வானை, காணும் ஒளியிலும் செந்நிறக் கீழ்க்கதிரிலும் அது ஒருங்கே பதியவல்லது. அகலமும் தெளிவும் ஒன்றாய் வாழ முடியும் என்பதை முதலில் மெய்ப்பித்தது ஓர் இடக்கை.