கல்கத்தா மைதானமும் மாணவ டாக்டர்களும்

1948 ஜூலை 29. லண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் தொடக்க விழா. சுதந்திரம் அடைந்து ஓராண்டுகூட நிறையாத இந்தியாவின் கொடியை ஏந்தி அணிக்கு முன்னால் நடந்தவருக்கு வயது முப்பது. இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன் அவர். மோகன் பகான் கிளப்பின் நம்பிக்கைக்குரிய நடுக்கள ஆட்டக்காரர். கல்கத்தாவில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவரும்கூட. பெயர் தலிமெரன் ஆவ். நாகா மலையில் உள்ள சாங்கி கிராமத்துக்காரர்.

முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1911-ல், இதே ஜூலை 29 அன்றுதான் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. வங்கத்தில் அந்த நாள் இன்றும் மோகன் பகான் தினம். வெற்றி கோலை அடித்த அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். கல்கத்தாவின் பெரிய ஆட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். டாக்டர்களும் வருவார்கள். ஆனால் ஆடுகிறவர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு டாக்டர் அந்த வரலாற்றில் எளிதில் கண்ணில் படுவதில்லை.

அந்த நகரத்தில் ஆட்டமும் மருத்துவமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை என்பதால்தான் இது இன்னும் வியப்பாக இருக்கிறது. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று வங்காளிகள் போற்றும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, டாக்டர் சூர்ய குமார் சர்வாதிகாரியின் மகன். 1877-ல் ஹேர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வெள்ளைக்காரர்கள் ஆடிய பந்து தன் பக்கம் உருண்டு வர, அதை எடுத்து உதைத்துத் திருப்பி அனுப்பினார் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. பிறகு பள்ளித் தோழர்களோடு காசு சேர்த்து அவர் வாங்கி வந்தது ரக்பி பந்து. அதைப் பார்த்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக்தான் சரியான பந்தைக் கொடுத்து, ஆடவும் சொல்லிக்கொடுத்தார். நாகேந்திர பிரசாத்தின் சகோதரர் சுரேஷ் பிரசாத் பேர்பெற்ற அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குப் போன வங்க ஆம்புலன்ஸ் படையைத் திரட்டியவர். ஆர்.ஜி. கர் போன்றவர்களோடு சேர்ந்து பெல்காச்சியாவில் ஒரு மருத்துவக் கல்லூரி எழவும் துணை நின்றார். 1916-ல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரி, பின்னர் ஆளுநர் பெயரில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆனது. தலிமெரன் ஆவ் படித்தது அங்கேதான். அவர் லண்டனுக்குப் போன 1948-ல்தான் அது ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மைதானத்தில் முதல் பந்தை உதைக்கிறான். இன்னொரு பிள்ளை அறுவைக் கத்தியைப் பிடிக்கிறான். இரண்டையும் இணைக்க அந்த நகரத்துக்கு ஏனோ நெடுங்காலம் தோன்றவில்லை.

அமெரிக்காவில் அது முன்னதாகவே நடந்தது. 1905-ம் ஆண்டுப் பருவத்தில் ஹார்வர்டு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியோடு இருந்த நிக்கல்ஸ், ஸ்மித் என்ற இரண்டு டாக்டர்கள், ஆட்டத்தில் ஏற்பட்ட ஒவ்வொரு காயத்தையும் குறித்து வைத்தார்கள். மொத்தம் 145 காயங்கள். அவற்றில் 19, தலையில் அடிபட்டு ஏற்பட்ட மூளை அதிர்ச்சி. அடுத்த ஆண்டே அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு ஹார்வர்டு மாணவர்களின் அறுவை மருத்துவராக இருந்த அகஸ்டஸ் தார்ன்டைக், 1938-ல் விளையாட்டுக் காயங்கள் பற்றித் தனி நூலே எழுதினார். உடலோடு உடல் மோதும் ஆட்டம் எதுவானாலும் மைதானத்தில் டாக்டர் இருக்க வேண்டும், அடிபட்டவன் திரும்ப ஆடலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நிலை. கல்லூரி வீரர்களுக்கென்று ஒரு டாக்டர் என்ற வேலை அங்கே இப்படித்தான் உருவானது.

கல்கத்தா மைதானத்தின் பிரச்சினைகளே வேறு. கங்கையின் வண்டல் மண், ஆடி மழை, வெறும் கால். 1911 அணியில் பூட்ஸ் போட்டு ஆடியவர் ஒருவர்தான்: கல்லூரி ஆசிரியரான சுதிர் சாட்டர்ஜி. மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலோடு பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸுகளுக்கு நடுவே ஓடினார்கள். தரை காய்ந்திருந்தால் வெறுங்காலுக்கு வேகம் கூடும். பந்து சொன்னபடி கேட்கும். மழை பெய்துவிட்டால் கதை தலைகீழ். சேற்றில் பூட்ஸின் ஆணிகள் ஊன்றிக்கொள்ளும், வெறும் பாதம் வழுக்கும், தண்ணீர் குடித்த தோல் பந்து கல்லாகக் கனக்கும். வெள்ளைக்கார அணியோடு ஆட்டம் என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டே மைதானத்துக்கு வந்த ரசிகர்கள் உண்டு.

வெறுங்கால் என்றால் முழுக்க வெறுங்காலும் இல்லை. பலரும் கணுக்காலையும் பாதத்தின் நடுப்பகுதியையும் துணிப்பட்டையால் இறுகச் சுற்றிக்கொண்டு, விரல்களை மட்டும் வெளியே விட்டு ஆடினார்கள். கணுக்கால் உள்பக்கமாக மடங்கும்போதுதான் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது. கட்டு அந்த மடக்கத்தைக் குறைக்கும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வையும் தோலுக்குக் கூட்டித் தரும். இன்றைய பிசியோ ஒட்டும் பட்டைக்கும் வேலை அதுவே. ஆனால் மிதிபட்டால் பாத எலும்பு முறிவதை எந்தத் துணியாலும் தடுக்க முடியாது. குதிரைகளும் மாடுகளும் மேயும் புல்வெளியில் காலில் கீறல் விழுந்தால் டெட்டனஸ் பயம் தனி.

அடிபட்டவரை வெளியே அழைத்துக்கொள்ளும் வழியும் அன்று இல்லை. அடிபட்டவர் இடத்தில் இன்னொருவரை இறக்க கால்பந்து விதிகள் இடம் தந்தது 1958-ல்தான். உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது 1970-ல். அதுவரை ஒருவர் வெளியேறினால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். 1911 ஷீல்டு அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் கோல்கீப்பர் பிகாட், அபிலாஷ் கோஷோடு மோதிக் கண்ணில் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார் என்று அந்தத் தொடரின் வரலாறுகள் சொல்கின்றன. இன்றாக இருந்தால் எந்த டாக்டரும் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார். அன்று விடாமல் இருந்திருந்தால் அணி தோற்றிருக்கும் என்பார்கள். விட்டும் தோற்றது.

இந்த மைதானத்துக்குத்தான் 1940-களில் வந்தார் ஆவ். போதகரான தந்தையை இளம் வயதிலேயே இழந்தவர். மகன் டாக்டராகித் தம் மக்களுக்கு உழைக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஜோர்ஹாட் பள்ளி, குவாஹாத்தி காட்டன் கல்லூரி, மகாராணா கிளப் என்று ஆடிப் படித்து, கார்மைக்கேல் கல்லூரியில் இடம் பெற்றார். 1943-ல் மோகன் பகானில் சேர்ந்தார். அசாமில் முன்வரிசையில் கோல் அடித்துக்கொண்டிருந்தவரை இங்கே தடுப்பு வேலைக்கு இறக்கினார்கள். 1943-லும் 1944-லும் கல்கத்தா லீக் மோகன் பகானுக்கே. சில காலத்தில் கேப்டனும் ஆனார்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சம். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் சுருண்டு செத்த ஆண்டு. 1946 ஆகஸ்டில் கலவரம். 1947-ல் பிரிவினை. பகலில் வார்டு, மாலையில் மைதானம், இரவில் பாடப் புத்தகம் என்று ஒரு மருத்துவ மாணவர் இவற்றுக்கு நடுவே தேசத்தின் முதல்தர ஆட்டக்காரராக உயர்ந்தார் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. முழங்காலின் ஜவ்வு எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பினால் கிழியும் என்பது அவருக்குப் புத்தகத்திலும் தெரியும், தன் காலிலும் தெரியும். கல்கத்தாவின் கல்லூரி வீரர்களுக்கு ஒரு விளையாட்டு மருத்துவர் தேவை என்றால், அதற்கு இவரைவிடப் பொருத்தமானவர் வேறு யார்? ஆனால் அப்படி ஒரு வேலை அன்று கல்கத்தாவில் இல்லை.

லண்டனில் 1948 ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்ஸோடு ஆட்டம். பயிற்சியாளர் பலாய்தாஸ் சாட்டர்ஜி. பதினொருவரில் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள். பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு என்று அந்த அணியின் பட்டியலில் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் இன்னும் உண்டு. கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோலில் 1-2 என்று தோற்றது இந்தியா. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஒரு காயத்துக்கோ கிருமிக்கோ பயந்து அல்ல, ஒரு தோல்விக்கு வெட்கப்பட்டுத்தான் வீரர்களின் பாதங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

லண்டனில் ஆர்சனல் கிளப் ஆவை அழைத்தது என்றும், படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஊர் திரும்பி 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். திப்ருகர் அசாம் மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் வேலை; பிறகு கோஹிமா. நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகி 1978-ல் ஓய்வு பெற்றார், 1998-ல் காலமானார். தந்தை கேட்டபடியே தம் மக்களுக்கு உழைத்தார். அது நிறைவான வாழ்க்கை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை, இப்படிப்பட்டவர் புறப்பட்டுப் போன மைதானத்தில் அவருக்குப் பின் அந்த இடத்தை நிரப்ப யாரும் முனையவில்லை என்பதுதான்.

விளையாட்டு மருத்துவத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1928-லேயே சுவிட்சர்லாந்தில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது 1961-ல். விளையாட்டு மருத்துவப் பட்டயப் படிப்பு அங்கே வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற சில இடங்களில் இன்று இந்தத் துறைக்கென்று தனி மையங்கள் உண்டு. கல்கத்தாவில் சால்ட் லேக்கில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்சியும் உடலியல் சோதனையும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேருகிறவர்கள் சிலர்தான். கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களில் மோதிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இன்றும் எல்லைக்கோட்டருகே காத்திருப்பது பெரும்பாலும் ஒரு ஐஸ் பையும் வலி நீக்கும் ஸ்ப்ரேயும்தான்.

இதன் விலை என்ன என்பதை இரண்டு மரணங்கள் சொல்லும். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். மோகன் பகானுக்கு எதிராக டெம்போ அணிக்காக இரண்டாவது கோலை அடித்த கணத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர். எழவே இல்லை. முன்பு ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர் என்பதால் கல்கத்தாவே கலங்கியது. 2015 ஏப்ரலில் சால்ட் லேக்கில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் கேட்ச் பிடிக்க ஓடிச் சக வீரரோடு மோதிய அங்கித் கேஷ்ரிக்கு வயது இருபது. வங்கத்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கேப்டனாக இருந்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தது சக ஆட்டக்காரர். மூன்றாம் நாள், ஏப்ரல் 20 அன்று, அங்கித் இறந்தார்.

அந்த உயிர்கள் பிழைத்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் மருத்துவம் உறுதியாகச் சொல்லும். மைதானத்தில் இதயம் திடீரென நின்றுபோனால், மின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கல்கத்தா நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

முறையான கவனிப்பு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதற்கும் இதே நகரம் சான்று தருகிறது. ஜல்பைகுரியைச் சேர்ந்த ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் எந்த ஸ்பைக் ஷூவும் பொருந்தாது. விரல்கள் நெருக்கி வலிக்கும். சால்ட் லேக் மையத்தில் சுபாஷ் சர்க்காரிடம் பயிற்சி பெற்று, 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசியப் போட்டியில், பல் வலிக்குத் தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டு, 6,026 புள்ளிகளோடு ஹெப்டத்லான் தங்கம் வென்றார். ஆசியப் போட்டி ஹெப்டத்லானில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். ஆறு விரல்களுக்கு அளவெடுத்து அடிடாஸ் ஷூ செய்து கொடுத்தது அதற்குப் பிறகுதான். ஒரு பாதத்தை முறையாக அளந்து பார்க்க ஆசியத் தங்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருத்துவக் கல்லூரிகளுக்கோ விளையாட்டுத் திடல்களுக்கோ கல்கத்தாவில் பஞ்சமில்லை. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் பஞ்சமில்லை. முதுநிலை மாணவர்களை முறை வைத்துக் கல்லூரி ஆட்டங்களுக்கு அனுப்புவது ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் முடிகிற காரியம். உங்கள் பிள்ளை கல்லூரி அணியில் ஆடுகிறான் என்றால், ஆடுகிறாள் என்றால், அடுத்த ஆட்டத்துக்கு முன் உடற்கல்வி இயக்குநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மைதானத்தில் டாக்டர் இருக்கிறாரா? டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறதா? அடிபட்டவர் திரும்ப ஆடலாமா என்று முடிவெடுப்பது யார்?