ஜெயித்த டிசைனைத் தூக்கிப் போட்டவர்: ஹெல்சிங்கி ரயில் நிலையத்தின் கதை

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு டிசைன் ரிவ்யூ என்றால் என்னவென்று தெரியும். நாம் போட்ட டிசைன் ஓகே ஆகிவிட்டது. அதற்கப்புறம், தேர்வாகாத டிசைனைக் கொடுத்தவர் வந்து "இது சரியில்லை" என்று நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறார். என்ன செய்வோம்? பெரும்பாலும், "தோத்துப்போன ஆளு, வயித்தெரிச்சல்ல பேசறான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

1904-ல் பின்லாந்தின் தலைநகரில் இதே நிலைமை வந்தது. விஷயம் ஒரு ரயில் நிலையம். ஜெயித்தவர் எலியல் சாரினென். விமர்சனம் எழுதியவர் அதே போட்டியில் பரிசில்லாமல் போன சிகுர்ட் ஃப்ரோஸ்டெரூஸ். இன்று உலகின் அழகான ரயில் நிலையங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஹெல்சிங்கி மத்திய நிலையம் அதில் தவறாமல் இருக்கும். ஆனால் அது போட்டியில் ஜெயித்த டிசைன் இல்லை!

முதல் ரயில், முதல் நிலையம்

கொஞ்சம் பின்னால் போவோம். பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடனின் கையில் இருந்தது. 1809-ல் ரஷ்யாவிடம் போனது, ஆனால் நேரடி மாகாணமாக இல்லை. ரஷ்யச் சக்கரவர்த்தியே இளவரசராக இருக்கும் ஒரு தன்னாட்சிப் பகுதி. தனிச் சட்டங்கள், தனி நிர்வாகம் எல்லாம் உண்டு. 1812-ல் தலைநகரம் துர்க்குவிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாறியது.

நாட்டின் முதல் ரயில் பாதை 1862-ல் ஹெல்சிங்கிக்கும் ஹமேன்லின்னாவுக்கும் நடுவில் திறக்கப்பட்டது. சுமார் நூறு கிலோமீட்டர். ஹெல்சிங்கியில் அதற்கான நிலையத்தை வடிவமைத்தவர் கார்ல் ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட். (பின்லாந்தின் புகழ்பெற்ற ஓவியர் ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட் இவருடைய மகன்தான்.)

அடுத்த பெரிய வேலை, தண்டவாளத்தை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை கொண்டுபோவது. அந்தப் பாதை போடும் சமயத்தில் 1866–68 பஞ்சம் வந்தது. பசியில் இருந்தவர்களுக்கு நிவாரண வேலை என்ற பெயரில் ரயில் பாதை வேலை கொடுத்தார்கள். பட்டினியும் தொற்றுநோயும் சேர்ந்து ஏராளமான தொழிலாளர்கள் அங்கேயே செத்தார்கள். அதனால் அந்தப் பாதைக்கு "எலும்புப் பாதை" என்றே ஒரு பெயர் உண்டு. 1870-ல் ரயில் ஓட ஆரம்பித்தது.

தண்டவாள அகலம் ரஷ்ய அளவு, 1,524 மில்லிமீட்டர். நம்ம ஊர் அகலப்பாதையை (1,676) விடக் குறைவு, ஐரோப்பாவின் பொது அளவை (1,435) விட அதிகம். பின்லாந்தில் இன்றும் இதே குடும்பத்து அகலம்தான். நாடு விடுதலையாகி நூறு வருடம் தாண்டிவிட்டது, தண்டவாளம் மட்டும் இன்னும் பழைய சக்கரவர்த்தியின் கணக்கில் கிடக்கிறது. ஒரு தடவை எடுத்த டெக்னிக்கல் முடிவு எத்தனை தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கல்லில் ஒரு அரசியல்

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது பழைய நிலையம் ஊருக்குப் போதவில்லை. புதிய நிலையத்துக்குப் போட்டி வைத்தார்கள். 1904-ல் முடிவு வந்தது.

அந்தக் காலகட்டத்தைப் புரிந்துகொண்டால்தான் சண்டை எதற்கு என்று புரியும். 1899-ல் இரண்டாம் நிகோலஸ், பின்லாந்தின் தன்னாட்சியை ஒடுக்கும் அறிவிப்பை வெளியிட்டார். ரஷ்ய மொழியைத் திணிப்பது, பின்லாந்தின் தனி ராணுவத்தைக் கலைப்பது என்று வரிசையாக நடந்தது. அதை நடத்திய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவை 1904 ஜூன் மாதம், ஹெல்சிங்கியில் அரசுக் கட்டடத்துக்கு உள்ளேயே யூகென் ஷௌமன் என்ற இளைஞர் சுட்டார். சுட்டுவிட்டுத் தானும் செத்தார்.

இப்படி ஒரு சூழலில் ஒரு சின்ன தேசம் என்ன செய்யும்? தன் வேர்களைத் தேடும். கலேவலா காப்பியம், கரேலியாவின் மரவீடுகள், இடைக்காலக் கற்கோயில்கள் இவற்றிலிருந்து ஒரு "நம்முடைய" பாணியைச் செதுக்கினார்கள். சொரசொரப்பான கருங்கல், கனத்த கோபுரம், காட்டு விலங்குகளின் உருவங்கள். தேசிய ரொமான்டிக் பாணி என்று இதற்குப் பெயர். இதன் நட்சத்திரங்கள் கெசெல்லியுஸ், லிண்ட்கிரென், சாரினென் என்ற மூவர் கூட்டணி. 1900 பாரிஸ் கண்காட்சியில் பின்லாந்து அரங்கைக் கட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். தேசிய அருங்காட்சியகத்துக்கான போட்டியிலும் 1902-ல் ஜெயித்தவர்கள்.

ரயில் நிலையத்துக்கு சாரினென் கொடுத்த டிசைனும் இதே வழிதான். கோட்டை மாதிரி கனமான முகப்பு, கோபுரம், கரடிச் சிலைகள். பரிசு கிடைத்தது. அன்றைய மனநிலையில் கிடைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு துண்டுப் பிரசுரம்

ஃப்ரோஸ்டெரூஸுக்கு அப்போது 28 வயது. ஜெர்மனியில் வைமார் நகரில் ஹென்றி வான் டி வெல்டேயிடம் வேலை பார்த்தவர். அவர் போட்டிக்கு அனுப்பிய டிசைன், ரயில் நிலையம் என்பதை ஓர் இயந்திரம் போலப் பார்த்தது. இரும்பு, கண்ணாடி, கான்கிரீட். அலங்காரம் குறைவு. பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

அவரும் குஸ்டாஃப் ஸ்ட்ரெங்கெல் என்ற இன்னொரு கட்டடக் கலைஞரும் சேர்ந்து ஸ்வீடிஷ் மொழியில் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார்கள். "எங்கள் எதிரிகளுக்குச் சமர்ப்பணம்" என்று அட்டையிலேயே அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். மனுஷர்களுக்குத் தைரியம் ஜாஸ்தி!

வாதத்தின் சாரம் இதுதான். ரயில் என்பது நீராவியும் மின்சாரமும் சேர்ந்த நவீன விஷயம். அதற்கு எதற்கு இடைக்காலக் கோட்டை வேஷம்? முகப்பைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? நாம் இப்போது வேட்டையாடியா பிழைக்கிறோம், கரடியை வாசலில் நிறுத்துவதற்கு? கட்டடத்தின் அழகு அதன் கட்டுமானத்திலிருந்தும் பயனிலிருந்தும் வர வேண்டும், பழங்கதையிலிருந்து இல்லை.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். ரஷ்ய அடக்குமுறை உச்சத்தில் இருக்கும்போது தேசிய பாணியைக் கேள்வி கேட்டால் "துரோகி" என்ற பெயர் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இவர்கள் தேசத்துக்கு எதிராகப் பேசவில்லை. ஒரு சின்ன தேசம் பிழைக்க வேண்டுமென்றால் பழம்பெருமையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் போதாது, காலத்தோடு ஓடவும் வேண்டும் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே தேசம், ஒரே பயம். பதில்தான் வேறு.

ஜெயித்தவர் செய்த வேலை

சாரினெனுக்கு அப்போது முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். நாட்டின் செல்லப் பிள்ளை. பரிசு கையில் இருக்கிறது. எதிர்ப்பை அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். அவரோ டிசைனைத் திரும்ப எடுத்து, ரொமான்டிக் அலங்காரங்களைக் களைந்துவிட்டு, கிட்டத்தட்ட புதிதாகவே வரைந்தார். இதே வருடங்களில் மூவர் கூட்டணியும் கலைந்தது. 1905-ல் லிண்ட்கிரென் விலகினார், 1907-ல் கெசெல்லியுஸ். நிலையம் சாரினெனின் தனிப் பொறுப்பானது. 1909 வாக்கில் டிசைன் இறுதியானது.

இறுதி வடிவத்தில் என்ன மாறியது? கோட்டை போய்விட்டது. நேராக மேலெழும் கோடுகள், சுத்தமான சுவர்ப்பரப்புகள். நடுவில் மிகப் பெரிய வளைவு ஒன்று. அந்த வளைவுக்குப் பின்னால் போனால் அதே வளைவு அப்படியே நீண்டு பிரதான கூடத்தின் கூரையாகிறது. அதாவது, உள்ளே இருப்பதை முகப்பு சொல்கிறது. பிரசுரக்காரர்கள் கேட்டதும் இதைத்தானே? கூரை வளைவுகள் ரீஇன்ஃபோர்ஸ்டு கான்கிரீட். அந்தக் காலத்துக்கு அது புதிய சரக்கு. கிழக்குப் பக்கம் 48.5 மீட்டர் உயரத்தில் மணிக்கூண்டு, செம்புத் தகடு போர்த்திய உச்சியோடு.

ஆனால் சாரினென் முழுக்கச் சரணடையவும் இல்லை. சுவருக்கு பின்லாந்துக் கருங்கல்லை விடவில்லை. சிலைகளையும் விடவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராக நான்கு கல் மனிதர்கள், ஆளுக்கொரு உருண்டை விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். செதுக்கியவர் எமில் விக்ஸ்ட்ரோம். கரடி சும்மா உட்கார்ந்திருக்கும். இவர்களோ ராத்திரியில் வரும் பயணிக்கு வெளிச்சம் காட்டுகிறார்கள். அலங்காரத்துக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார் என்பது என் கணிப்பு.

திறப்பதற்குள் தேசம் மாறியது

கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே முதல் உலகப்போர் வந்தது. ரஷ்ய ராணுவம் அதைத் தற்காலிக மருத்துவமனையாகப் பயன்படுத்தியது. 1917-ல் சக்கரவர்த்தி பதவி இழந்தார், டிசம்பர் 6 அன்று பின்லாந்து விடுதலையை அறிவித்தது. 1918-ல் சிவப்பு அணிக்கும் வெள்ளை அணிக்கும் கொடூரமான உள்நாட்டுப்போர். எல்லாம் ஓய்ந்து 1919 மார்ச் 5-ல்தான் நிலையம் முறைப்படி திறக்கப்பட்டது.

உள்ளே 50 சதுர மீட்டரில் ஒரு தனி அறை இருக்கிறது. மேஜை நாற்காலி வரை சாரினென் வடிவமைத்தது. ரஷ்யச் சக்கரவர்த்தி வந்தால் தங்கிக் காத்திருப்பதற்காக 1911-ல் தயாரானது. திறப்பு விழா நடந்தபோது காத்திருக்கச் சக்கரவர்த்தி உயிரோடு இல்லை. அதே அறை பின்லாந்து ஜனாதிபதியின் காத்திருப்பு அறையானது.

பிறகு நடந்தவை

சாரினென் 1922-ல் சிகாகோ டிரிப்யூன் கட்டடப் போட்டியில் கலந்துகொண்டார். இந்தத் தடவை இரண்டாம் பரிசு. ஆனால் பின்னால் வந்த அமெரிக்க வானுயரக் கட்டடங்கள் பலவற்றில் தெரிவது முதல் பரிசு டிசைனின் சாயல் இல்லை, இவருடையதின் சாயல். ஹெல்சிங்கியில் ஃப்ரோஸ்டெரூஸுக்கு நடந்தது இவருக்கு சிகாகோவில் நடந்தது! 1923-ல் அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். நியூயார்க் விமான நிலையத்தில் டிடபிள்யூஏ முனையத்தையும், செயின்ட் லூயிஸில் அந்த மாபெரும் வளைவையும் வடிவமைத்த ஈரோ சாரினென் இவருடைய மகன்.

நிலையத்தில் 1950-ல் பெரிய தீ விபத்து நடந்தது. சாரினென் காலமானதும் அதே வருடம்தான். 1969-ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. முதல் மின்பாதை போனது கிர்க்கொனும்மிக்கு. மூவர் கூட்டணி வீடும் ஸ்டூடியோவுமாகக் கட்டிக்கொண்ட ஹ்விட்ரெஸ்க் இருப்பது அங்கேதான். 1982-ல் கீழே மெட்ரோ வந்தது. நடைமேடைகளுக்கு மேலே கண்ணாடிக் கூரை வேண்டும் என்று சாரினென் திட்டத்திலேயே இருந்தது, ஆனால் கட்டவில்லை. 2001-ல்தான் எசா பீரோனென் என்பவரின் வேறு ஒரு டிசைனில் கூரை வந்தது. பேக்லாகில் எண்பது வருடத்துக்கு மேல் கிடந்த ஐட்டம்!

பீட்டர்ஸ்பர்க் பாதைக்கு 2010-ல் 'அலெக்ரோ' என்ற வேக ரயில் வந்தது. யுக்ரைன் போரையடுத்து 2022 மார்ச் மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ உயிர்களைக் குடித்துப் போட்ட அந்தப் பாதையில் இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இப்போது பயணிகள் ரயில் இல்லை. தண்டவாள அகலம் மட்டும் ஒட்டிப்போகிறது.

போனால் பார்க்க வேண்டியவை

ஹெல்சிங்கிக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் மூன்று கட்டடங்களை ஒரே நாளில் நடந்தே பாருங்கள்.

முதலில் தேசிய அருங்காட்சியகம். மூவர் கூட்டணியின் பழைய பாணி, இடைக்காலக் கோயில் மாதிரி கோபுரத்தோடு நிற்கிறது. படிக்கட்டில் ஒரு கரடி உட்கார்ந்திருக்கும். ரயில் நிலையத்தின் முதல் டிசைன் கட்டப்பட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க இது உதவும். அந்தக் கரடியைச் செதுக்கியவரும் விக்ஸ்ட்ரோம்தான்.

அடுத்து ரயில் நிலையம். அதே சிற்பியின் கையில் கரடி போய் விளக்கேந்திய மனிதர்கள் வந்ததைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டும் இருக்கும்.

மூன்றாவது, அங்கிருந்து சில நிமிட நடையில் ஸ்டாக்மன் என்ற பெரிய பல்பொருள் அங்காடி. செங்கல் முகப்பில் கோடுகள் நேராக மேலே ஏறும், ஆடம்பரம் இல்லாத கம்பீரம். 1930-ல் கட்டி முடிந்தது. ரயில் நிலையத்தைப் பார்த்த கையோடு பார்த்தால் இரண்டுக்கும் ஏதோ உறவு இருப்பது போலத் தோன்றும்.

அதை வடிவமைத்தவர் சிகுர்ட் ஃப்ரோஸ்டெரூஸ்.