பக்க வடிவமைப்பு மென்பொருள்: தமிழ் நூல்களுக்கான தேர்வு

எழுத்து, படம், கோடு, வண்ணம் ஆகியவற்றை அச்சுக்குரிய பக்கமாக அடுக்கித் தரும் கணினி நிரல், பக்க வடிவமைப்பு மென்பொருள். தமிழ்நாட்டு அச்சுத் தொழிலில் இந்த வேலைக்கு டிடிபி என்றே பெயர். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்காகப் பேஜ்மேக்கரை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் சேர்ந்துகொள்ள, அச்சுக்கோப்பு அறையின் வேலை ஒரு மேசைக்குள் அடங்கியது. இம்முறைக்கு டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரைத் தந்தவர் ஆல்டஸின் நிறுவனர் பால் பிரைனெர்டு. 1994இல் ஆல்டஸ் அடோபியோடு இணைந்தது.

இத்துறை மென்பொருள்கள் மூன்று வகைப்படும். பல பக்கங்களை நிர்வகிக்கும் பேஜ்மேக்கர், இன்டிசைன், குவார்க்எக்ஸ்பிரஸ், ஸ்கிரைபஸ் ஒரு வகை. சின்னமும் அழைப்பிதழும் வரையும் கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் இன்னொரு வகை. இவற்றில் வரைந்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. போட்டோஷாப்பும் ஜிம்ப்பும் படத்தைப் புள்ளிகளாகக் கையாள்பவை. போட்டோஷாப்பிலேயே முழுப் புத்தகத்தையும் முடித்துவிட நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்க எண்ணும் அடிக்குறிப்பும் வரும்போது படும் பாடு தனி.

ஆங்கில நூலுக்கு மென்பொருளைத் தேர்வதில் விலையும் பழக்கமும்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். தமிழில் அதற்கு முன்பே, எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் குறியாக்கம் குறுக்கே நிற்கிறது. பொதுக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். அவற்றில் ஒன்றான பாமினியில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யின் புள்ளி விழும். ஒவ்வொருவரும் தம் போக்கில் இடம் ஒதுக்கியதால், ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வாசிக்க முடியாது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என இரு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது.

யூனிகோடு தமிழை வாங்கிச் சரியாகக் காட்ட பேஜ்மேக்கரால் முடியாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. ஆனாலும் டிடிபி மையங்கள் பல ஆண்டுகள் அதை விடவில்லை. கை பழகியிருந்தது, பழைய கணினியிலும் ஓடியது, சேர்த்து வைத்த கோப்புகளெல்லாம் அதில்தான் இருந்தன. அதற்கான விலையைப் பதிப்பாளர் பிறகு கொடுக்கிறார். அப்படி உருவான பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது. மின்னூலாக்க வேண்டுமென்றால் முழு நூலையும் குறியாக்க மாற்றியில் போட வேண்டும். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்துகளாகக் குழம்பி வரும். பிறகு மறுபடியும் மெய்ப்பு.

யூனிகோடு தமிழை ஏற்பதாகச் சொல்லும் மென்பொருளையும் சோதித்தே வாங்க வேண்டும். ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன; திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். ‘கொ’வில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத நிரலில் கொம்பு பின்னால் விழும். 1999இல் அறிமுகமான இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்டு-ரெடி கம்போசர் என்பதற்கு மாற்றினால்தான் தமிழ் ஒழுங்காக அமரும். மாற்ற மறந்தவர்கள்தான் இன்டிசைனில் தமிழ் வராது என்பார்கள். கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ் நெடுங்காலம் இதில் தடுமாறியது. 2024இல் வெளியான 1.6 பதிப்பில் சிக்கலான எழுத்து முறைகளைக் கையாளும் வசதி நிலைபெற்றது. ‘கொ, கை, ஸ்ரீ, க்ஷ’ நான்கையும் தட்டிப் பார்த்தால் எந்த நிரலின் தகுதியும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அழைப்பிதழ், சுவரொட்டி வேலைகளில் கோரல்டிரா கோலோச்சுகிறது. எழுத்துரு இல்லாத கணினியிலும் திறக்கட்டும் என்று எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புவது இங்கே வழக்கம். மாற்றாத மூலக்கோப்பையும் தனியே வைத்துக்கொள்ளாவிட்டால், மணமகன் பெயரில் விழுந்த பிழையைத் திருத்த எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

செலவும் கணக்கில் வர வேண்டும். 2013 முதல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிக்கொண்டது. சந்தா நின்றால் நிரலும் நிற்கும். இணையவழி வடிவமைப்புக் கருவியான கான்வா சமூக ஊடகப் படங்களுக்குப் போதும், முந்நூறு பக்க நாவலுக்குப் போதாது. எதை வாங்குவதானாலும் நான்கு வண்ணப் பிரிப்பு, வெட்டுக்கு வெளியே விடும் 3 மி.மீ. மிகை, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகிய மூன்றும் அதில் வருமா என்று அச்சகத்தாரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வசதியுள்ள பதிப்பகத்துக்கு இன்டிசைன், சிறு பதிப்பகத்துக்கு ஸ்கிரைபஸ், இரண்டிலும் யூனிகோடு எழுத்துரு என்பதே இன்றைய நிலையில் பொருத்தமான தேர்வு. புதிய நூல் எதையும் இனி பேஜ்மேக்கரில் தொடங்கக் கூடாது.