வளவும் கிணறும்: மானிடவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

முள்ளியவளையை அடுத்த நீராவிப்பிட்டியில் ஒரு மூதாட்டி முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கோடு கிழித்துக் காட்டினார். "இது கிணறு, இது பள்ளி, இது எங்கட உம்மும்மாட வளவு. இதையும் எழுதுவீங்களா மகன்?"

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், யுத்தம் முடிந்தபின் திரும்பியவர் அவர். வரலாறு படித்த என் குறிப்பேட்டில் ஆண்டுகள் இருந்தன, வளவுகள் இல்லை.

வளவு யார் வழியில் வந்தது, சீதனமாக எது போனது, கந்தூரிச் சோற்றுக்கு எந்த வீடு அரிசி கொடுத்தது என்று கூடவே இருந்து கேட்டு எழுதுவது மானிடவியல். எட்மண்ட் லீச் பொறியியல் படித்தவர். வன்னிக்குத் தெற்கே, அநுராதபுர மாவட்டத்துப் புல் எளியவில் 1954இல் தங்கி, குளத்து நீரும் காணியும் சொந்தபந்தமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை எழுதினார். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இருந்து, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும் வீடு மகளுக்கே போவதையும் பதிந்தார்; அவருடைய பெருநூல் 2008இல்தான் வந்தது. கச்சேரிக் கோப்பில் இதெல்லாம் கிடைக்குமா?

வடக்கு முஸ்லிம்களைப் பற்றியும் இல்லாமல் இல்லை. ஷரிகா திராணகம புத்தளத்தில் அகதிக் குடும்பங்களோடு பழகி எழுதியது 2011இல் நூலாக வந்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு 'ஊர்' எது என்ற கேள்வியை அவர் விடாமல் பின்தொடர்கிறார். இப்போது ஸ்டான்போர்டில் பேராசிரியர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பர்சானா ஹனீபா, வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவின் ஆய்வில் முன்னின்றார். ஆனால் இவற்றின் மையம் வெளியேற்றமும் அகதி வாழ்வும்தான். அதற்கு முந்திய நீராவிப்பிட்டியை வீடு வீடாகச் சொல்லும் நூல் எதுவும் என் அலுமாரியில் இல்லை.

"இதைப் படிச்சா என்ன வேல சேர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விரிவுரையாளர் பதவிகள் சொற்பம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஸ்டான்லி தம்பையாவைப் பாருங்கள். 1954இல் கோர்னெலில் கலாநிதிப் பட்டம் பெற்று இங்கே கற்பித்தவர். 1956இல் மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றங்களை ஆய்வு செய்யப் போன இடத்தில் கலவரத்துக்குள் அகப்பட்டார். பிறகு யுனெஸ்கோ வேலையாகத் தாய்லாந்து, கடைசியில் ஹார்வர்ட்.

நம் மண்ணில் வேலை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பெர்மிட் தொலைந்த குடும்பத்துக்குச் சாட்சி, எல்லைப் பனையும் அயல்வீட்டாரின் ஞாபகமும்தான். அதை முறையாகத் திரட்டத் தெரிந்தவர் காணிப் பிணக்குக்கும் சட்ட உதவிக்கும் மீள்குடியேற்றத் திட்டங்களுக்கும் வேண்டும். மக்கில்வ்ரே கற்றுக்கொள்ள வேண்டியிருந்த தமிழ் நம் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால். சங்கடமும் உண்டு: சொந்த ஊர்ப் பிள்ளையிடம் குடும்பச் சண்டையை யாரும் இலேசில் சொல்லமாட்டார்கள்.

மூதாட்டி சொன்ன வளவுகளை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். வவுனியாவில் படிக்கும் ஒரு மகள் அதை வாங்கிப் போயிருக்கிறா. முதலில் கிணறு யார் வெட்டியது என்று கேட்கப் போறாவாம்.