ஃபோ சூப்பும் கொஞ்சம் வரலாறும்

முதலில் பெயரை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். எழுத்தில் பார்த்தால் 'ஃபோ'. ஆனால் வியட்நாம்காரர்கள் வாயில் அது 'ஃபா'வுக்கும் 'ஃபெ'வுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், அதுவும் கேள்வி கேட்பது மாதிரி குரல் இறங்கி ஏறும். நாம் எழுத்துக்கூட்டிப் படித்தால் யாரையோ வெளியே போகச் சொல்வது போலிருக்கும் :-)

விஷயம் இதுதான். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சூப், அதில் பட்டையாக வெட்டிய அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி, வெங்காயத்தாள். சூப்பில் போடும் மசாலா நமக்கு அந்நியமே இல்லை. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், கூடவே நெருப்பில் சுட்ட இஞ்சி. கண்ணை மூடி மோந்தால் பிரியாணி அண்டா பக்கத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். நூடுல்ஸ் இடியாப்பத்துக்குத் தூரத்து உறவு. பிழிவதற்குப் பதில் மாவை ஆவியில் தகடாக வேகவைத்து வெட்டுகிறார்கள்.

உலகத்தில் எந்த ஊர் ஃபோ கடைக்குப் போனாலும் ஒரே லட்சணம்தான். அலங்காரம் பூஜ்யம். மேஜைமேல் குச்சிகளும் சாஸ் பாட்டில்களும் டிஷ்யூவும். ஆர்டர் சொல்லி ஐந்து நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும், பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடலாம். ஒருவர் தனியாகப் போனால் முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்காருவார். பில்லும் பயமுறுத்தாது. காமர்ஸ் மாணவனுக்கு இங்கேதான் மூளை அரிக்கும். இவ்வளவு நேரம் கொதிக்கவைத்த சாப்பாட்டை எப்படி இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள்?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? முக்கியமான பொருளைத் தயாரிக்கும்போது ஓரமாகக் கிடைக்கும் உபரிப் பொருள். ஃபோவின் பிறப்பே அந்தப் பாடம்தான்.

வியட்நாமில் மாடு என்றால் உழவுக்கும் வண்டிக்கும்தான். அடித்துச் சாப்பிடும் வழக்கம் குறைவு. 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் வட வியட்நாமைப் பிடித்தபோது தங்கள் ஸ்டேக் பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். நல்ல கறி துரைமார் தட்டுக்குப் போனது. எலும்பும் துண்டு துக்கடாவும் கசாப்புக் கடையில் தேங்கின, அடிமாட்டு விலைக்கு (நிஜமாகவே!). ஏற்கனவே எருமைக்கறி போட்ட ஒரு நூடுல்ஸ் சூப்பை விற்றுக்கொண்டிருந்த தெரு வியாபாரிகள் எருமைக்குப் பதில் இந்த மாட்டெலும்பைப் போட ஆரம்பித்தார்கள். இதுதான் பலரும் ஒப்புக்கொள்ளும் கதை. காலம் 1900-ஐ ஒட்டி, இடம் ஹனோயும் அதற்குத் தெற்கே உள்ள நாம் தின் பகுதியும். (சாப்பாட்டுக்குப் பேர் போன ஊருக்கு 'நாம் தின்' என்று பெயர் அமைந்தது தமிழனுக்கு மட்டும் புரியும் ஜோக்.) அங்கே பிரெஞ்சுக்காரர்களின் பெரிய நெசவாலை இருந்தது. ஷிப்ட் முடிந்து பசியோடு வரும் தொழிலாளிக்குச் சூடாக, மலிவாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டும். அங்குள்ள வான் கூ என்ற கிராமத்தார் ஃபோ சமைப்பதையே குலத்தொழிலாக்கி ஹனோய்க்குக் கிளம்பினார்கள்.

கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. காவடி மாதிரி தோளில் ஒரு தடி. ஒரு பக்கம் அடுப்பும் சூப்புப் பானையும், மறுபக்கம் கிண்ணம், நூடுல்ஸ், கறி. வாடகை இல்லை, ஊழியர் இல்லை, நிலைச்செலவு என்று எதுவுமே இல்லை. போட்ட முதல் அன்று ராத்திரியே திரும்பிவிடும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இன்றும் சண்டை. பிரெஞ்சுக்காரர்களின் 'பொட்-ஓ-ஃப' என்ற சூப்பிலிருந்து வந்தது என்று ஒரு கோஷ்டி. சீன வியாபாரிகள் கூவி விற்ற 'மாட்டுக்கறி நூடுல்ஸ்' என்ற சொல்லின் கடைசி அசை தேய்ந்தது என்று இன்னொரு கோஷ்டி. 1931-இல் வந்த வியட்நாமிய அகராதி இரண்டாவது கட்சி. என் ஓட்டும் அதற்கே. தெருவில் கூவிய சொல் ஒட்டிக்கொள்வதுதான் இயல்பாகப் படுகிறது.

1939-இல் ஒரு சுவாரசியமான திருப்பம். உழவு மாடுகள் குறைந்துகொண்டே போனதால் திங்கள், வெள்ளி இரண்டு நாளும் மாட்டிறைச்சி விற்கக்கூடாது என்றாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் அடுப்பை அணைத்தால் வியாபாரி என்ன செய்வான்? கோழியைப் போட்டான். இது ஃபோவே இல்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று கோழி ஃபோவுக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன.

1954-இல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17-ஆவது பாகையில் இரண்டாக வெட்டியது. எட்டிலிருந்து பத்து லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே இடம்பெயர்ந்தார்கள். நம்ம நகரத்தார் ஒரு காலத்தில் வட்டிக்கடை நடத்திய அதே சைகோன் நகரத்தில் ஃபோ கடைகள் பெருகியது அதன் பிறகுதான். சைகோனில் அதற்கு முன்பும் ஃபோ கிடைத்தது, ஆனால் அந்த ஊர் நாக்கு வேறு நூடுல்ஸ் சூப்புக்குப் பழகியிருந்தது. தெற்கு வளமான பூமி, தட்டு நிறைய பச்சையாக எதையாவது கிள்ளிப் போட்டுச் சாப்பிடும் ஊர். அதனால் முளைப்பயறு, எலுமிச்சை, நம்ம திருநீற்றுப்பச்சை இனத்து இலை, இனிப்பான சாஸ் எல்லாம் கிண்ணத்துக்குள் குதித்தன. ஹனோய்க்காரர்கள் இன்றும் இதை மன்னிக்கவில்லை. இன்று வெளிநாட்டுக் கடைகளில் கிண்ணத்தோடு வரும் இலைத்தட்டு இந்தப் பிரிவினையின் மிச்சம்.

இப்போது சைகோனில் ஒரே ஒரு கடை. யென் டோ தெரு (இப்போது லீ சின் தாங் தெரு), 7-ஆம் எண். பெயர் 'ஃபோ பின்'. அதாவது 'சமாதான ஃபோ'. முதலாளி ங்கோ தோவாய். கீழே சாதாரண நூடுல்ஸ் கடை, அமெரிக்கச் சிப்பாய்கள் உட்பட எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். மாடியில் எஃப்-100 என்ற ரகசியக் கமாண்டோ பிரிவின் தலைமையிடம்! 1968 ஜனவரி கடைசியில், டெட் என்ற அவர்கள் புத்தாண்டு சமயத்தில், 100-க்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே வீச்சில் தாக்குதல் நடந்ததே, அதில் சைகோன் நகரத்துக்கான உத்தரவு கிளம்பியது இந்த மாடியிலிருந்துதான். அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்த கமாண்டோக்களில் பெரும்பாலோர் விடிவதற்குள்ளேயே செத்துப்போனார்கள். போலீஸ் கடைக்குள் புகுந்தது. தோவாய் கைதாகிச் சிறைக்குப் போனார்.

இதைப் படித்தபோது எனக்கு வீரக்கதை படித்த சந்தோஷம் வரவில்லை. கீழே இருபது வயதுப் பையன், ஒருவேளை கட்டாய ஆளெடுப்பில் வந்தவன், ஊர்ப்பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவன், சூப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். மேலே அதே வயதுப் பையன் ஒருவன் தன் சாவுக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. இந்த மறைவு எப்படிச் சாத்தியமானது? மலிவான கடை என்பதால்தான். யார் வந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்காத இடம். பெரிய ஓட்டலாக இருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். போர் முடிந்தபின் அரசாங்கம் அந்தக் கடையை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அதே வருடங்களில் ஹனோயில் ஃபோவின் கதி என்ன? தனியார் கடைகள் அரசுடைமையாகிவிட்டன. கூப்பன், க்யூ, தட்டுப்பாடு. அரசாங்கக் கடைகளில் கறியே இல்லாத ஃபோ கிடைத்தது. வெறும் சூப், நூடுல்ஸ், அஜினமோட்டோ. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பைலட் இல்லாத ஃபோ'. தலைக்குமேல் பறந்த அமெரிக்க ஆளில்லா உளவு விமானங்களை வைத்து வந்த கிண்டல். யாரும் திருடிப்போகாமல் இருக்க அலுமினியக் கரண்டியில் ஓட்டை போட்டு வைத்திருந்ததாக அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஓட்டைக் கரண்டியில் சூப் குடிப்பதை யோசித்துப் பாருங்கள்! 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகுதான் தனியார் கடைகள் தலையெடுத்தன.

1975 ஏப்ரல் 30, சைகோன் விழுந்தது. படகிலும் விமானத்திலும் தப்பியவர்கள் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், பாரிஸ், சிட்னி என்று சிதறினார்கள். கையில் காசில்லை, பாஷை தெரியாது, படிப்புக்கு மதிப்பில்லை. ஃபோ கடைக்கு என்ன வேண்டும்? ஒரு பெரிய பானை, ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள், கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் எலும்பு. ஹனோய்த் தெருவின் பழைய கணக்கு அமெரிக்காவிலும் செல்லுபடியானது. வேலைக்கு மனைவி, பிள்ளைகள், சித்தப்பா. அவர்கள் சம்பளம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. விலை மலிவின் ரகசியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது, அதை எந்த மெனு கார்டிலும் போடமாட்டார்கள்.

கடைப் பெயரில் நம்பர்கள் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபோ 54, ஃபோ 75 என்று. கதவு எண்ணோ ராசி எண்ணோ என்றுதான் தோன்றும். பல கடைகளில் அது வருடம். 54 தெற்கே ஓடிவந்த வருடம், 75 நாட்டையே விட்டு ஓடிய வருடம். (எல்லாக் கடைக்கும் இது பொருந்தாது, வெறும் அதிர்ஷ்ட எண்ணும் உண்டு.) சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேர் போர்டில் அந்தத் தேதியைப் படிக்கிறார்களோ!

அப்புறம் மரியாதை தானாக வந்தது. 2000-இல் ஹோ சி மின் நகரத்துக்குப் போன கிளிண்டன் சந்தைப் பக்கத்து ஃபோ கடையில் சாப்பிட்டார். 2019-இல் கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவில் உள்ள 'ஃபோ 79' கடைக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது, அதுவும் 'அமெரிக்கக் கிளாசிக்' என்ற பிரிவில். 2023-இல் மிஷலின் வியட்நாமுக்கு வந்து, காலையில் வரிசை கட்டி நிற்கும் ஹனோய்க் கடைகளைத் தன் மலிவு விலைப் பட்டியலில் சேர்த்தது.

எது அசல் ஃபோ என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. துரை வேண்டாமென்று விட்ட எலும்பில் ஆரம்பித்த சாப்பாட்டுக்கு 'அசல்' எங்கிருந்து வந்தது என்பது என் கேள்வி. ஆனால் அரசாங்கங்களுக்கு முத்திரை குத்தாமல் தூக்கம் வராது. 2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஃபோவைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பில் இருந்த பெயர்கள் இரண்டு: ஹனோய் ஃபோ, நாம் தின் ஃபோ. இலைத்தட்டோடு உலகம் சுற்றிய சைகோன் ஃபோ அதில் இல்லை.