ரயிலை வாசித்த டெஃபோர்ட் பெய்லி

மவுத் ஆர்கன் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு சினிமாப் பாட்டு வேண்டும். நான் அவர்களுக்குப் போட்டுக்காட்டுவது 1927-இல் நியூயார்க்கில் பதிவான ‘பான் அமெரிக்கன் ப்ளூஸ்’ என்ற இசைத்தட்டு. ஒரு ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, கூவிக்கொண்டு போகிறது. பக்கவாத்தியம் கிடையாது. ஒரே மனிதர், கைக்குள் அடங்கும் ஒரே கருவி. அவர் பெயர் டெஃபோர்ட் பெய்லி.

அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றதும் தொப்பியும் கிட்டாருமாக ஒரு வெள்ளைக்காரப் பாடகர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்த இசையின் ஆகப்பெரிய மேடையான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் இந்தக் கறுப்பினக் கலைஞர். அந்தப் பெயர் பிறந்ததே இவர் வாசிப்பை ஒட்டித்தான்.

1899 டிசம்பர் 14 அன்று டென்னசி மாநிலம் ஸ்மித் கவுண்டியில் பிறந்தார். தாத்தா அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற பிடில்காரர். பெய்லிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கை. அப்போது கையில் கிடைத்ததுதான் மவுத் ஆர்கன். வேட்டை நாய்களின் குரைப்பையும் தூரத்து ரயிலையும் கேட்டுக் கேட்டு ஊதிப் பார்த்தார். பிழைத்து எழுந்தார்; ஆனால் முதுகு வளைந்துவிட்டது, உயரம் கடைசிவரை ஐந்தடியைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு ரயில் பாலம். அதன் அடியில் நின்று, கண்ணைப் பொத்திக்கொண்டு, தலைக்கு மேல் ரயில் கடந்துபோகும்வரை கேட்பாராம்.

அந்தக் கேள்விஞானம் எவ்வளவு பெரியது என்பது வாசித்துப் பார்த்தால்தான் புரியும். சக்கரச் சத்தம் இடப்பக்கத்துத் துளைகளில் ஊதலும் இழுப்பும் மாறிமாறி வருவது. நெஞ்சு நிரம்பிவிடவும் கூடாது, வற்றிவிடவும் கூடாது. விசிலுக்கு நடுத்துளைகள் இரண்டைச் சேர்த்து இழுத்து, இழுக்கும்போதே நாக்கைப் பின்னுக்கு வாங்கிச் சுருதியைச் சற்று இறக்க வேண்டும். உள்ளங்கை மூடினால் ரயில் தொலைவில், திறந்தால் அருகில். இத்தனையும் தாளம் நிற்காமல் நடக்க வேண்டும். வேகம் கூடும் இடத்தில் என் மாணவர்கள் மூச்சுவாங்கி நின்றுவிடுவார்கள். பெய்லி அங்கே வேகத்தையும் விடவில்லை, விசிலையும் விடவில்லை.

1918-இல் நாஷ்வில் நகரத்துக்கு வந்தார். வீட்டு வேலை, லிஃப்ட் இயக்கும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 1925-இல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கியது. அதன் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிக்குப் பெய்லியைச் சேர்த்துவிட்டவர் டாக்டர் ஹம்ஃப்ரி பேட் என்ற மருத்துவர்; அவரும் மவுத் ஆர்கன் வாசிப்பவர்தான். 1927 டிசம்பர் 10 அன்று, அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் வால்டர் டாம்ராஷ் நடத்திய சாஸ்திரிய இசை நிகழ்ச்சியில், ரயிலைச் சித்திரிக்கும் ஆர்கெஸ்ட்ரா உருப்படி ஒன்று ஒலிபரப்பானது. அடுத்து பெய்லி அசல் நாட்டு ரயிலை வாசித்தார். அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, இவ்வளவு நேரம் ‘கிராண்ட் ஆபரா’ கேட்டீர்கள், இனி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. 1928-இல் 52 சனிக்கிழமைகளில் 49-இல் பெய்லி வாசித்தார். வேறு எவரும் அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை.

1930களில் பெரிய பெரிய கலைஞர்களுடன் ஊர் ஊராகப் போனார். ராய் அகஃப், பில் மன்ரோ இருவரும் வளர்ந்துவந்த காலத்தில் கூட்டம் சேர்க்க இவரைத்தான் உடன் அழைத்துப் போனார்கள். கூட்டம் எவ்வளவு வந்தாலும் இவருக்குக் கிடைத்தது நாளுக்கு 5 டாலர். மேடையில் கைதட்டிய ஊரிலேயே தங்க ஓட்டல் கிடைக்காது, சாப்பாட்டுக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. அங்கிள் டேவ் மேகன் என்ற மூத்த பான்ஜோ கலைஞர், இவன் என் வேலையாள் என்று சொல்லித் தன் அறையில் தங்கவைப்பாராம். நல்ல மனத்தோடு செய்த உதவிதான். ஆனாலும் ஒரு கலைஞன் வேலைக்காரன் என்ற பெயரில்தான் தலைசாய்க்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

1941-இல் பெய்லியை ஆப்ரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாடல் உரிமைத்தொகைக்காக ஆஸ்காப் என்ற பழைய அமைப்புக்கும் வானொலி நிலையங்களுக்கும் மூண்ட சண்டையில், அந்த அமைப்பின் பட்டியலில் இருந்த பாடல்களை நிலையங்கள் ஒதுக்கிவைத்தன. பெய்லியின் புகழ்பெற்ற உருப்படிகளும் அதில் சிக்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் சண்டை தீர்ந்தது. பெய்லியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. 1945-இல் ஹே எழுதிய சிறுநூல் அவரை நிகழ்ச்சியின் ‘மாஸ்காட்’, அதாவது ராசிச் சின்னம், என்றது. புதுப்பாட்டு கற்காத சோம்பேறி என்றும் பழி சொன்னது. பதினைந்து ஆண்டுகள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர்கள், அதையே குற்றமாக்கியது அநியாயம்.

பிறகு நாஷ்விலில் ஷூ பாலிஷ் கடைதான் பிழைப்பு. அதில் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டில் வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பின்னாளில் தேடிவந்த சினிமா, இசைத்தட்டு வாய்ப்புகளில் பெரும்பாலானவற்றை மறுத்துவிட்டார். டேவிட் மார்ட்டன் என்ற இளைஞர் 1970களில் நெருங்கிப் பழகி அவர் சொன்னதையெல்லாம் பதிவு செய்தார். சார்ல்ஸ் வுல்ஃபுடன் சேர்ந்து அதை நூலாகவும் ஆக்கினார். இன்று நமக்குத் தெரிந்த பாதிச் செய்தி அவர்களால் வந்தது. 1974-இல், தம் 75-ஆம் பிறந்தநாளன்று, பெய்லி மறுபடி ஆப்ரி மேடையில் வாசித்தார். 1982 ஜூலை 2 அன்று காலமானார். கன்ட்ரி இசையின் புகழ்மன்றம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது 2005-இல், அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து.