செம்மண் தடம் – 6: பனியில் ஒரு நீதி, மணலில் ஒரு நீதி

2006 டிசம்பர் 9, தோஹா. கலீஃபா மைதானத்தில் பெண்கள் 800 மீட்டர் இறுதிப் போட்டி. கடைசி நூறு மீட்டரில் சாந்தி சௌந்திரராஜனையும் கஜகஸ்தானின் விக்டோரியா யலொவ்ட்ஸெவாவையும் ஓடவிட்டுப் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் 2 நிமிடம் 1.79 நொடியில் கோட்டைத் தாண்டிவிட்டார். தங்கம் அவருக்கு. வெள்ளி யாருக்கு? பின்னால் வந்த இருவரும் ஒன்றாகவே எல்லைக்குள் விழுந்தார்கள். பலகையில் எண்கள் ஒளிர்ந்தன. சாந்தி 2:03.16, விக்டோரியா 2:03.19. நொடியை நூறாகப் பங்கிட்டு அதில் மூன்று பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளி புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிக்கு!

செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தாய் தகப்பன். ஓட்டக்காரரான தாத்தா ஊருக்கு வெளியே மண் தரையில் கற்றுக்கொடுத்த ஓட்டம். வயிறாரச் சாப்பாடு கிடைக்காத பிள்ளைப் பருவம். அங்கிருந்து கிளம்பி 2005-இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கியவர், மறுவருடமே தோஹா மேடையிலும் ஏறி நின்றார். அப்போது அவருக்கு வயது 25.

போட்டிக்குப் பிறகு அவரை அழைத்துப்போய் ரத்தம் எடுத்தார்கள். மருத்துவர்கள் உடலைப் பரிசோதித்தார்கள். எதற்காக என்று தன்னிடம் யாரும் விளக்கவில்லை என்று சாந்தி பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அது பாலினச் சோதனை.

இந்தச் சோதனையின் வேரைத் தேடினால் பனிமலைக்குப் போகவேண்டியிருக்கிறது. 1968, பிரான்சின் கிரனோபிள், குளிர்கால ஒலிம்பிக். வீராங்கனைகளின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, ‘இவர் பெண்தானா’ என்று நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கத்தை ஒலிம்பிக் தொடங்கியது அங்கேதான்.

அதே கிரனோபிளில் ஏரோ மேன்டிரன்டா என்ற ஃபின்லாந்துக்காரரும் இருந்தார். மலை உச்சியிலிருந்து சரிந்து இறங்குவதல்ல அவருடைய ஆட்டம். காலில் நீளப் பலகைகளைப் பூட்டி, கைக்கோலை ஊன்றி, மேடும் பள்ளமுமான பனிக்காட்டில் 15, 30 கிலோமீட்டர் என்று தன் மூச்சை நம்பியே போகிற நெடுந்தூரப் பனிச்சறுக்கு. 1960-இல் தொடர் ஓட்டத்தில் ஒரு தங்கம், 1964-இல் தனியாக இரண்டு தங்கம், கூடவே ஒரு வெள்ளி. கிரனோபிளில் மேலும் மூன்று பதக்கங்கள். மொத்தம் ஏழு.

எப்படி முடிந்தது? அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் பொதுவாக 15 கிராம் அளவில் இருக்கும். அவருக்கு 20-ஐத் தாண்டியிருந்தது. மற்றவர்களைவிட அவர் ரத்தம் அதிகம் ஆக்சிஜனைச் சுமந்தது. பரம்பரையாக வந்த ஒரு மரபணு மாற்றமே காரணம் என்று 1993-இல் வெளியான ஆய்வு சொன்னது. எந்தப் பதக்கமும் திரும்பக் கேட்கப்படவில்லை. பிற்காலத்தில் ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டபோதும் அந்த ஏழும் அவரிடமே இருந்தன. பெல்லோ என்ற அவருடைய ஊரில் சிலையும் வைத்தார்கள்.

அந்த மரபணு மாற்றத்தைக் கண்டறிந்த குழுவில் முக்கியமானவர் ஆல்பர்ட் டி லா ஷாப்பெல் என்ற மரபியல் அறிஞர். வீராங்கனைகளுக்குச் செய்யும் பாலினச் சோதனை அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது என்று 1980-களிலேயே எழுதிப் போராடியவரும் இவரேதான்! இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை நெடுநேரம் உட்காரவைத்த செய்தி இது. பிறவியிலேயே உடலில் அமைந்த வேறுபாடு ஓர் ஆணை மாவீரனாக்குகிறது. ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

எல்லா வீராங்கனைகளையும் சோதிக்கும் வழக்கத்தை 1999-இல் ஒலிம்பிக் கைவிட்டது. ஆனால் ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்ற வாசல் மட்டும் திறந்தே கிடந்தது. ஏழு வருடம் கழித்து அந்த வாசல் வழியாகத்தான் சாந்தியை உள்ளே கூப்பிட்டார்கள்.

சாந்தி அந்தச் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி டிசம்பர் முடிவதற்குள் வெடித்தது. மருந்து எதுவும் உட்கொள்ளாத, யாரையும் ஏமாற்றாத ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி நாடே பேசியது. கத்தக்குறிச்சி வீட்டிலும் அது கேட்டது. வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது.

ஆனால் தமிழ்நாடு அரசு கைவிடவில்லை. முதல்வர் கருணாநிதி சாந்திக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். சூளைக் கூலியில் வயிறு வளர்த்த குடும்பம் பார்த்திராத தொகை அது. இனி ஓடவே முடியாது என்று சொல்லப்பட்டவர், அந்தப் பணத்தில் பெரும்பகுதியை எதில் போட்டார்? புதுக்கோட்டைப் பிள்ளைகள் அதனால் சென்னை மாரத்தான் வரை போனது எப்படி? அப்படிப் போட்டவரே மறுபடி செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போக நேர்ந்தது ஏன்?

(அடுத்த வாரம்)